காப்புக்கு ஒரு காப்பு: பம்பரின் வரலாறு

மோட்டார் வாகனத்தின் முன்னும் பின்னும் குறுக்காகப் பொருத்தப்படும் பம்பர் என்னும் உறுப்பு, சிறு மோதல்களின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, விளக்கையும் ரேடியேட்டரையும் உடற்தகட்டையும் காப்பதற்காகவே தோன்றியது. அடிபடுவதே அதன் தொழிலாக இருந்தமையால், அதில் விழுந்த வடுக்களை எவரும் குறையாக எண்ணவில்லை. இன்றோ, தரையை ஒட்டி ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பவர் அதன் உறுப்புகளுள் எதற்காக மிகவும் அஞ்சுகிறார் என்று கேட்டால், முன்பம்பரின் அடிவிளிம்புக்காக என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அந்த விளிம்பைக் காக்க ஒளிபுகும் படலம் ஒட்டப்படுகிறது. அதன் அடியில் தேய்ந்து தீர்வதற்கென்றே பிளாஸ்டிக் பட்டைகள் திருகப்படுகின்றன. வண்டியின் மூக்கையே தூக்கிப் பிடிக்கும் நீரியல் பொறிகள் அமைக்கப்படுகின்றன. காவலுக்கு நின்ற உறுப்புக்கே காவல் போட வேண்டிய இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில், ஒருவர் செய்ததை மற்றவர் எண்ணிப் பாராத பல முடிவுகள் சேர்ந்து உண்டாக்கியது.

பம்பரின் முன்னோர் இருப்புப்பாதையில் இருக்கின்றனர். ரயில் பெட்டிகளின் இரு முனைகளிலும் சுருள்வில் வைத்துப் பொருத்தப்பட்ட வட்டத் தாங்கிகள், ஒரு பெட்டி மற்றொன்றின்மேல் இடிக்கும்போது அதிர்வை உள்வாங்கின. மொராவியாவின் நெசல்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் ரயில் பெட்டிகளைக் கட்டி வந்த தொழிற்சாலையே 1897-இல் ‘பிரெசிடென்ட்’ என்ற பெயரில் தன் முதல் மோட்டார் வண்டியையும் கட்டியது என்பதையும், பம்பர் பொருத்தப்பட்ட முதல் மோட்டார் வண்டியாக அதுவே பொதுவாகக் குறிப்பிடப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த உறவு தற்செயலானதாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் டாட்ரா என்று பெயர் பெற்ற நிறுவனம் இதுவே. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் சிம்ஸ் 1905-இல் ரப்பர் பம்பருக்குக் காப்புரிமை பெற்று, காற்றடைத்த ரப்பர்த் தாங்கியை சிம்ஸ்-வெல்பெக் என்னும் தம் வண்டியின் முன்புறத்தில் பொருத்தினார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், கவசத் தகடும் துப்பாக்கியும் ஏந்திய போர் மோட்டார் வண்டி ஒன்றை லண்டன் கிரிஸ்டல் பேலஸில் காட்சிக்கு வைத்தவரும் அவரே. இடியைத் தாங்க எஃகு வேண்டுமா, நெகிழ்வு வேண்டுமா என்ற கேள்வியின் இரு விடைகளையும் ஒரே மனிதர் செய்து பார்த்திருக்கிறார். அவருடைய ரப்பர் விடை மீண்டும் பெருவழக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடைப்பட்ட காலம் எஃகின் காலம். 1920-களில் அமெரிக்க வண்டிகளில் பம்பர் என்பது பெரும்பாலும் தனியே விலை கொடுத்து வாங்கிப் பூட்டப்படும் துணைப்பொருளாக இருந்து, பின்னர் தொழிற்சாலையிலேயே வண்டியோடு சேர்ந்து வரலாயிற்று. வில்போல் வளையும் எஃகுப் பட்டை, அடிச்சட்டத்தோடு இரும்புக் கைகளால் இணைக்கப்பட்டு, உடற்தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. ஒரு வண்டியின் பட்டை மற்றொன்றின் பட்டைக்கு மேலேயோ கீழேயோ நழுவிச் செருகிக்கொள்ளாமல் தடுப்பதற்காக, பட்டையின்மீது செங்குத்தாக இரு கொம்புகள் நிறுத்தப்பட்டன. ஆங்கிலேயர் இவற்றை ஓவர்ரைடர் என்றனர். அக்கால அமெரிக்க வண்டிகள் பலவற்றில் சக்கரம் மாற்றுவதற்கான ஜாக்கியைப் பம்பரிலேயே மாட்டி வண்டியைத் தூக்கினர் என்பதிலிருந்து அந்தப் பட்டையின் உறுதியை உய்த்துணரலாம். இன்றைய பம்பரில் அப்படி மாட்டினால் வண்டி எழும்பாது, பம்பர்தான் கையோடு வரும்.

குரோமிய முலாம் பரவியபோது பம்பருக்கு இரண்டாவது வேலை ஒன்று வந்து சேர்ந்தது: மின்னுவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த கேடிலாக் வண்டிகளில் ஓவர்ரைடர்கள் குண்டு முனைகளைப் போல் பருத்து நீண்டன. தொலைக்காட்சி நடிகை ஒருவரின் பெயரால் அவற்றை டாக்மர் என்று அழைத்துச் சிரித்தனர் அமெரிக்கர். காப்புக் கருவி அணிகலனாக மாறத் தொடங்கிய இடம் இதுவே. தமிழில் காப்பு என்ற சொல் காவலையும் கைவளையையும் ஒருசேரக் குறிப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆயினும் அணிகலனாகியும் அந்த எஃகு தன் வேலையை மறக்கவில்லை. இந்திய வாசகருக்கு அம்பாசடர் காரின் முன்பம்பர் கண்முன் நிற்கும்: முலாம் பூசிய பட்டை, அதன்மேல் இரண்டு கொம்புகள், நெளிந்தால் டிங்கரிங் பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்ற நிம்மதி.

அந்த நிம்மதி குலைவதற்கான முதல் அடி 1968-இல் அமெரிக்காவில் விழுந்தது. அதுவும் சுத்தியல் அடியாகவே விழுந்தது. பான்டியாக் நிறுவனம் அவ்வாண்டின் ஜி.டி.ஓ. வண்டிக்கு, ரப்பரை ஒத்த யூரிதேன் என்னும் செயற்கைப் பொருளால் போர்த்து, வண்டியின் வண்ணத்தையே பூசிய முன்பம்பரை அமைத்து, அதற்கு என்டியூரா என்று பெயரிட்டது. விளம்பரத்தில் அதைச் சுத்தியலால் ஓங்கி அடித்துக் காட்டினர். பள்ளம் விழாமல் அது பழைய வடிவுக்கே மீண்டது. விளம்பரம் பொய்யில்லை. ஆனால் அது காட்டியது சுத்தியலின் மழுங்கிய முகத்தை மட்டுமே. காங்கிரீட்டின் சொரசொரப்பான விளிம்பில் உரசினால் பூச்சு என்னவாகும் என்பதைக் காட்டவில்லை. பம்பருக்கும் உடலுக்கும் இடையே இருந்த இடைவெளி மறைந்து, பம்பரே வண்டியின் முகமாகியது. முகத்துக்கு வண்ணம் பூசியபின் அதில் விழும் கீறல் தழும்பாகத்தான் தெரியும். 1972-இல் வந்த ரெனோ 5, கண்ணாடியிழை கலந்த பாலியெஸ்டர் பம்பர்களோடு இதே பொருள்மாற்றத்தைச் சிறு வண்டிகளுக்குக் கொண்டுவந்தது; எனினும் அதன் பம்பர் பூச்சில்லாத சாம்பல் நிறத்தில் இருந்ததால், நகரத் தெருக்களில் உரசினாலும் வண்டியின் மானம் போகவில்லை. இரண்டில் அறிவுடைய தீர்வு ரெனோவினுடையதே; சந்தை தேர்ந்தெடுத்தது பான்டியாக்கினுடையதை.

இக்கதையின் திருப்பத்தை ஓர் ஆண்டில் நிறுத்திக் காட்ட வேண்டுமாயின் அது 1973. அவ்வாண்டில் மூன்று நாடுகளில், ஒன்றையொன்று அறியாமல் மூன்று செயல்கள் நடந்தன. இன்று ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் படும் பாட்டுக்கு அம்மூன்றும் சேர்ந்தே காரணம்.

முதலாவது அமெரிக்கச் சட்டம். நடை வேகத்தைவிடச் சற்றே மிகுந்த வேகத்தில் இடித்தாலும் பழுதுபார்க்கப் பெருந்தொகை ஆகிறது என்று காப்பீட்டுத் துறையினர் முறையிட்டதன் விளைவாக, 215 என்னும் எண்ணுடைய கூட்டரசுத் தரவிதி பிறந்தது. 1973-ஆம் மாதிரி ஆண்டின் வண்டிகள் மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறமாகத் தடுப்புச் சுவரில் மோதினாலும், 2.5 மைல் வேகத்தில் பின்புறமாக மோதினாலும், விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்பு உறுப்புகள் பழுதாகக் கூடாது என்றது அவ்விதி. அடுத்த ஆண்டில் பின்புறத்துக்கும் 5 மைல் என்று ஆயிற்று. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் ஊசல் ஒன்றை மோதவிட்டுச் சோதிக்கும் முறையும் சேர்ந்தது. இதற்காகப் பம்பர்கள் கனத்தபோது, பெரிய அமெரிக்க வண்டிகள் அந்த எடையைச் சுமந்துகொண்டன. துன்பப்பட்டவை ஐரோப்பாவின் சிறிய, தாழ்ந்த வண்டிகள்.

அவற்றுள் மிகுதியும் வருந்தத்தக்கது எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலத் திறந்த வண்டியின் கதை. 1962 முதல் மெல்லிய குரோமியப் பட்டையோடு ஓடிய அது, அமெரிக்க விதிக்காக முதலில் இரு பெரும் ரப்பர்க் கொம்புகளைப் பெற்றது. அவற்றுக்கும் ஒரு நடிகையின் பெயரே புனைபெயராக வாய்த்தது, இம்முறை ஆங்கில நடிகை சபரீனா. 1974-இன் பிற்பகுதியில் எஃகு உள்ளீடு வைத்த கரிய பாலியூரிதேன் மூக்கு ஒன்று முன்புறத்தை முழுதும் மூடியது. விதித்த உயரத்தை எட்டுவதற்காக வண்டியே ஓர் அங்குலத்துக்கும் மேலாகத் தூக்கி நிறுத்தப்பட்டது. திருப்பங்களில் வண்டி சாய்வதைக் கட்டுப்படுத்தும் முன்புறச் சாய்வுத்தடுப்புத் தண்டும் சிறிது காலம் நீக்கப்பட்டதால், உயர்ந்த வண்டி வளைவுகளில் தள்ளாடியது. 1977-ஆம் மாதிரியில்தான் அக்குறை சீராயிற்று. 1980-இல் ஆபிங்டன் ஆலை மூடப்படும்வரை அந்தக் கரிய மூக்கு நீங்கவில்லை. இன்றும் பழைய வண்டி விரும்பிகளுள் அதைக் கழற்றியெறிந்து குரோமியப் பட்டைக்கு மாற்றிக்கொள்வோர் உளர். ஜெர்மானியர் இதே தேர்வில் நன்றாகத் தேறினர். போர்ஷே 911-க்கு 1974 மாதிரி முதல் அமைந்த அலுமினியப் பம்பர், இரு பக்கமும் துருத்திபோல் மடிந்த கரிய ரப்பர் இணைப்புகளோடு, உள்ளே அதிர்வு வாங்கும் குழாய்களின்மீது பின்னோக்கி நகரக் கூடியதாய் இருந்தது. சட்டத்துக்காகச் செய்த அந்தத் துருத்தி, பார்ப்பவர்க்கு வடிவமைப்பின் அழகாகவே பட்டு, 1989 வரை நீடித்தது.

1973-இன் இரண்டாவது செயல் இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு பிராங்ஃபர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. வைத்த 2002 டர்போ வண்டியின் முன்புறத்தில் பம்பரே இல்லை. குரோமியப் பட்டை எடுக்கப்பட்ட இடத்தில் தரையை நோக்கி இறங்கிய ஆழமான காற்றுத் தடுப்பு நின்றது. அதன்மேல் டர்போ என்ற சொல் இடவலமாகத் திருப்பி எழுதப்பட்டிருந்தது, முன்னே செல்பவரின் பின்காட்டும் கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காக. எரிபொருள் நெருக்கடிக் காலத்தில் இத்தகைய திமிர் ஜெர்மானியப் பொதுமக்களுக்குப் பிடிக்கவில்லை. மொத்தம் 1,672 வண்டிகளோடு உற்பத்தி நின்றது. ஆனால் பட்டையை நீக்கிவிட்டுத் தாடையை இறக்கும் அந்த வடிவம் நிற்கவில்லை.

தாடையை ஏன் இறக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். வேகமாகச் செல்லும் வண்டியின் அடியில் புகும் காற்று, ஒழுங்கற்ற அடிப்பாகத்தில் மோதிச் சுழன்று இழுவையைக் கூட்டுவதோடு, மூக்கை மேல்நோக்கித் தூக்கவும் செய்கிறது. முன்சக்கரங்களின் பிடி தளர்வதால் திருப்பும் வட்டு கைக்கு இலேசாகி, வண்டி சொன்னபடி கேட்பதில்லை. மூக்கின் அடியில் ஒரு தடுப்பை இறக்கினால் அடியில் புகும் காற்று குறைந்து, அங்கே அழுத்தம் தாழ்ந்து, வண்டி தரையோடு ஒட்டுகிறது. 1972-ஆம் மாதிரி ஆண்டின் போர்ஷே 911 எஸ் வண்டியிலேயே சிறு அளவில் வந்துவிட்ட இத்தடுப்பு, பந்தயத் தடங்களில் பெற்ற வெற்றிகளால் விரைவில் எல்லா ஸ்போர்ட்ஸ் வண்டிகளுக்கும் அடையாளமாயிற்று. அத்தடுப்பின் அடியில் முன்னோக்கி நாக்குப்போல் நீளும் கிடைத்தட்டான ஸ்ப்ளிட்டர் பின்னாளில் சேர்ந்தபோது, தரைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு கையகலமே எஞ்சியது.

மூன்றாவது செயல் சாலையில் நடந்தது. வண்டியின் வேகத்தை அடக்கச் சாலையையே உயர்த்துவது பழைய எண்ணம். நியூ ஜெர்சியின் சாத்தம் என்னும் சிற்றூரில் 1906-ஆம் ஆண்டிலேயே பாதசாரிகள் கடக்கும் இடங்களைத் தெருமட்டத்துக்கு மேல் 5 அங்குலம் உயர்த்தும் திட்டம் செய்தியானது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், செயின்ட் லூயியிலிருந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தபோது, வளாகத்துள் விரைந்த வண்டிகளை அடக்க 1953-இல் வேகத்தடை ஒன்றை வடிவமைத்தார். இவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுத்தவர், பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வாட்ஸ். 1973-இல் வெளியான அவருடைய அறிக்கை, 12 அடி நீளமும் 4 அங்குல உயரமும் கொண்ட வட்டவில் வடிவ மேட்டைப் பரிந்துரைத்தது. குட்டையாகக் குவித்த மேடு வேகமாகப் போகிறவருக்கு இலேசாகவும் மெல்லப் போகிறவருக்குக் கடினமாகவும் இருக்கிறது, நீண்ட மேடோ வேகம் கூடக்கூட உடலை உலுக்குகிறது என்பதே அவர் சோதனையில் கண்டது. உலகெங்கும் பரவிய அந்த வடிவத்தை இந்தியச் சாலைப் பேராயமும் 1988-இல் ஐ.ஆர்.சி. 99 என்ற தன் வழிகாட்டியில் ஏற்றுக்கொண்டது: 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம்.

இவ்வாறு வண்டியின் மூக்கு இறங்கிய அதே காலத்தில் சாலை எழும்பியது. சட்டமோ வேறொரு உயரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. 16 முதல் 20 அங்குலம், அதாவது தரைக்கு மேல் ஏறக்குறைய 40 முதல் 50 சென்டிமீட்டர் வரையுள்ள பட்டையைத்தான் அமெரிக்க விதி சோதித்தது. ஐரோப்பிய நாடுகள் 1980-இல் கொண்ட 42-ஆம் ஒழுங்குவிதியும் மணிக்கு 4 கிலோமீட்டர் மோதலை ஏறத்தாழ அந்த உயரத்திலேயே பார்த்தது. நடைபாதை விளிம்பும், வண்டி நிறுத்துமிடத்தின் சக்கரத் தடுப்புக் கட்டையும், வேகத்தடையும் தாக்குவது 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில். அங்கே எந்த விதியும் இல்லை, இன்றும் இல்லை. அமெரிக்க அரசு 1982-இல் 5 மைலை மீண்டும் 2.5 மைலாகக் குறைத்தபோது, தடித்த பம்பர்கள் மெலிந்து, மெல்லிய வண்ணத்தோல் ஒன்றே வெளியே தெரியும் நிலை உறுதியாயிற்று. 1977-இல் வந்த போர்ஷே 928, அலுமினிய விட்டத்தின்மேல் வண்ணம் பூசிய பாலியூரிதேன் தோலைப் போர்த்தி, பம்பர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதபடி செய்து காட்டியிருந்தது. இன்றைய வண்டிகளில் பம்பர் என்று வழங்குவதும் பெரும்பாலும் இந்தத் தோலைத்தான். உண்மையான பம்பர், அதற்குப் பின்னால் நுரைத்திண்டும் அதற்கும் பின்னால் உலோக விட்டமுமாக மறைந்து கிடக்கிறது. தோலுக்கு இடியைத் தாங்கும் பொறுப்பே இல்லை; காற்றை வழிநடத்துவதும் அழகாயிருப்பதும்தான் அதன் பணி. டிங்கரிங் பட்டறையின் சுத்தியலுக்கும் அது வசப்படாது.

தாழ்ந்த மூக்கு எங்கே இடிக்கும் என்பதை அணுகுகோணம் என்ற ஓர் அளவால் கணிக்கின்றனர். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து மூக்கின் அடிவிளிம்புக்கு இழுக்கும் கோடு தரையோடு அமைக்கும் கோணம் அது. அடிவிளிம்பு தரைக்கு மேல் 12 சென்டிமீட்டரும், சக்கரத்துக்கு முன்னே 90 சென்டிமீட்டரும் இருந்தால், கோணம் ஏறத்தாழ ஏழரைப் பாகை. எட்டுக்கு ஒன்று என்ற சரிவுள்ள நிலவறை வண்டிப்பாதை ஏழு பாகைக்குச் சற்று மேல், வண்டி தப்பிக்கும். ஆறுக்கு ஒன்று என்றால் ஒன்பதரைப் பாகை. சக்கரம் ஏறுமுன் தாடை சிமெண்டில் படும். இந்தக் கணக்கைத் தாளில் போடாமலே அறிந்தவர்கள், சரிவுகளில் நேராக ஏறாமல் குறுக்காக ஏறும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். அப்போது ஒரு சக்கரம் முதலில் ஏறி அந்தப் பக்கத்து மூக்கைத் தூக்கிவிடுகிறது. வண்டி ஏறும் திசையில் சரிவும் தணிகிறது. மேட்டைக் கண்டதும் பிரேக்கை அழுத்தினால் எடை முன்னே சாய்ந்து மூக்கு மேலும் தாழும் என்பதால், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, மேட்டைத் தொடும்போது காலை எடுத்துவிடுவதும் அவ்வழக்கத்தின் ஒரு பகுதி. செலவில்லாத காப்பு இது ஒன்றே.

செலவுள்ள காப்புகளில் முதலில் பரவியது, 1970-களிலும் 80-களிலும் அமெரிக்க வண்டிகளின் மூக்கில் மாட்டிய தோல்போன்ற கரிய வினைல் உறை. நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லையும் பூச்சியையும் அது தடுத்தது. ஆனால் உறைக்கு அடியில் சிக்கிய மணலும் ஈரமும் ஓயாமல் உராய்ந்து, கல் செய்யாத கேட்டைத் தாமே செய்தன. அதன் இடத்தைப் பிடித்த ஒளிபுகும் பாலியூரிதேன் படலம், இன்று பி.பி.எஃப். என்ற பெயரில் தமிழ்நாட்டு நகரங்களின் வண்டி அலங்காரக் கடைகளிலும் ஒட்டப்படுவது, போர்க்களத்திலிருந்து வந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழலலகுகளை மணலும் சிதறல்களும் அரிக்காமல் காக்க 3எம் நிறுவனம் உருவாக்கியது அது. பின்பு பந்தய வண்டிகளின் மூக்குக்கும், அங்கிருந்து தெரு வண்டிகளுக்கும் இறங்கியது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்புள்ள அப்படலம் கல் தெறிப்புக்குச் சிறந்த மருந்து. நடைபாதை விளிம்பில் உரசும் தாடைக்கு அது மருந்தாகாது. வண்ணத்தோடு படலமும் சேர்ந்து கிழியும். இரண்டு நோயையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்தை வாங்குவோர் பலர்.

உரசலுக்குரிய மருந்து, உரசட்டும் என்று விட்டுக் கொடுப்பதில் இருக்கிறது. 1980-களின் செவ்ரொலே கார்வெட் வண்டி, முகப்பின் வழியாக அன்றி அடிப்புறமாகவே ரேடியேட்டருக்குக் காற்றை உறிஞ்சியது. அக்காற்றைத் திருப்பிவிட மூக்குக்கு அடியில் வளையும் கரிய தடுப்புப் பட்டைகள் தொங்கின. சரிவுதோறும் அவை உரசிக் கரகரத்தன. வளைந்து கொடுத்து மீண்டன. தேய்ந்தபின் சில திருகுகளைக் கழற்றி மாற்றப்பட்டன. வண்ணம் பூசிய தோலுக்கும் தரைக்கும் நடுவே, இழக்கத்தக்க ஒன்றை வைக்கும் முறை இது. அடிவிளிம்பில் ஒட்டும் ரப்பர் உதடும், திருகும் வழவழப்பான பிளாஸ்டிக் சறுக்குப் பட்டையும் இதன் வழிவந்தவையே. உண்மையில் அவை சிம்ஸின் 1905 ரப்பருக்கும் உறவு. 2013-இல் வந்த போர்ஷே 911 டர்போ இதே கருத்தை மேலும் கொண்டுசென்று, காற்றை ஊதி விரியச் செய்யும் நெகிழ் உதட்டை அமைத்தது. தெருவில் அது மடங்கிக் கிடக்கும், மணிக்கு 120 கிலோமீட்டரைக் கடந்தால் இறங்கும்.

மூக்கைத் தூக்குவது கடைசி வழி. அதன் தொடக்கம் பெரிய ஆலைகளில் மட்டும் நிகழவில்லை. சித்ரோயென் டி.எஸ். 1955-இலேயே நீர்ம, வாயு இருப்புகளின்மேல் நின்று, ஓட்டுநரின் நெம்புகோலுக்கேற்ப எழுந்து தாழ்ந்தது உண்மை. ஆனால் தாழ்ந்த வண்டியைத் தேவைப்படும்போது மட்டும் தூக்குவது என்ற எண்ணத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகீரே. சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் தொங்கக் கூடாது என்று 1958-இல் கலிபோர்னியச் சட்டம் தடை விதித்தது; பெரும்பாலும் மெக்சிக வழியினரான இளைஞர்கள் விரும்பித் தாழ்த்திய வண்டிகளே அதன் இலக்கு. அகீரே 1959-இல் விமானங்களில் பயன்பட்ட நீரியல் பம்புகளைத் தம் கார்வெட்டில் பொருத்தி, ஒரு விசையைத் தட்டினால் வண்டி சட்ட உயரத்துக்கு எழும்படி செய்துவிட்டார். ஆலைகள் மெல்லவே பின்தொடர்ந்தன. போர்ஷே 959 தரையிடைவெளியை 120, 150, 180 மில்லிமீட்டர் என்று மாற்றிக்கொண்டது. 2009-இன் 911 ஜி.டி.3 மூக்கை 30 மில்லிமீட்டர் தூக்கியது. 2020 மாதிரியில் கார்வெட்டே அவ்வசதியைப் பெற்றபோது, மூன்று நொடிக்குள் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் எழுவதோடு, செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையால் ஆயிரம் இடங்களை நினைவில் வைத்து, உரசும் இடம் வந்ததும் தானே எழுந்தது. அகீரேயைச் சட்டமீறலின் எல்லையில் நிறுத்திய கருவி, அறுபது ஆண்டுகளில் அதே பெயருள்ள வண்டியின் விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. கலிபோர்னியாவின் அந்தத் தடை 2024-இல்தான் நீங்கியது.

இந்தியாவில் பம்பருக்குக் காப்பு என்றதும் நினைவுக்கு வருவது இவற்றில் எதுவும் அன்று. பம்பருக்கு முன்னால் பூட்டும் தடித்த இரும்புக் குழாய்தான். மோதும்போது நசுங்கி ஆற்றலை உள்வாங்க வேண்டிய பகுதிகளைத் தாண்டி அக்குழாய் இடியை நேரே அடிச்சட்டத்துக்குக் கடத்துவதாலும், குறுக்கே வரும் பாதசாரியின் உடலில் இரும்பாகவே படுவதாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி நடுவண் அரசு 2017 டிசம்பரில் அதற்குத் தடை விதித்தது. தாழ்ந்த மூக்குடைய வண்டிக்கு அக்குழாயால் எவ்விதப் பயனும் இருந்ததில்லை. அதற்கு அடி விழுவது கீழிருந்து.

கீழிருந்து விழும் அடியைப் பற்றி, முன்சொன்ன எண்களைக் கொண்டே ஒன்றைச் சரிபார்க்கலாம். 17 மீட்டர் ஆரமும் 3.7 மீட்டர் நீளமும் உடைய மேடு தொடங்கும் இடத்தில் அதன் சரிவு சுமார் ஆறேகால் பாகை. ஏழரைப் பாகை அணுகுகோணமுள்ள ஸ்போர்ட்ஸ் கார் அதன்மேல் மெல்ல ஏறினால் தாடை படாது. மேட்டின் நடுவில் வண்டியின் வயிறும் தட்டாது. இரு சக்கரங்களுக்கிடையே இரண்டரை மீட்டர் இருந்தால், உச்சி அவற்றுக்கு மேல் எழுவது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவே. ஓர் இரவில் தாரைக் குவித்து, அரை மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுப்பிய மேட்டிலோ, குறுக்காக ஏறியும் பயனில்லை, படலமும் உதடும் உதவா. அந்த மேட்டில் இடிபடுவது விலையுயர்ந்த சில வண்டிகளின் தாடை மட்டுமன்று. ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரின் முதுகும் ஷேர் ஆட்டோவில் செல்லும் கர்ப்பிணியின் இடுப்பும் அதே மேட்டில்தான் அடிபடுகின்றன. தெருவில் வேகத்தடை கேட்டு மனுக் கொடுப்போர், அடுத்த மனுவில் 3.7 மீட்டர் என்ற நீளத்தையும் 10 சென்டிமீட்டர் என்ற உயரத்தையும் சேர்த்தே எழுதிக் கேட்க வேண்டும்.